வள்ளியம்மாளின் பேரன்

அரக்கோணத்து அறிவு பொறியியல் படித்தவர். பாடல்களைத் தானே எழுதிப் பாடி, 2019 இல் ‘தெருக்குரல்’ என்ற முதல் அல்பத்தை வெளியிட்டார். 2021 இல் பாடகி தீயுடன் அவர் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ எங்கள் பதுளை பஸ்களிலும் ஒலித்தது. அந்தப் பாட்டு அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதையில் பிறந்தது. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்பு இந்தியா போனவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிய காலத்துக் கதை அது.

ஆகவே பாட்டின் விதை ஸ்டூடியோவில் அல்ல, லயத்தில்தான் கிடந்தது என்பேன். பசறையிலும் நமுனுகுலையிலும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். (டவுனில் எங்கள் உம்மும்மாமாரின் தாலாட்டை மட்டும் யார் எழுதி வைத்தார்கள்?) பாட்டு எழுதினால் படிப்புக் கெடும் என்று பெற்றோர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிள்ளைகளை மேடையேற்றச் சொல்லவில்லை. ஒரு மாலை கைபேசியைப் பாட்டியின் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்ய விடுங்கள், அவ்வளவுதான். அவர் போனபின் அந்த மெட்டை எவரிடம் கேட்பது?

டியூசன் வகுப்பில் தோட்டத்துத் தோழிகள் ‘லயம்’ என்ற சொல்லையே தயங்கித்தான் சொல்கிறார்கள். அறிவோ 2024 இல் வந்த தன் அல்பத்துக்கு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.