பேனரில் இருந்த பெண்

கடலூர் சாலை வழியே நாம் நாள்தோறும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து செல்லுகிறோம். சென்ற மாதம் ஒரு நாள், அரை மைல் தூரத்துக்குள் பதினேழு பேனர்களை எண்ணினோம். பிறந்த நாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், கருமாதி என்று மனித வாழ்க்கையின் எந்தப் படியும் விட்டுப்போகவில்லை. முன்னெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்கு வந்து அழைப்பார்கள். இப்பொழுது பத்தடி உயரத்தில் நின்றபடி கைகூப்பி அழைக்கிறார்கள். காலஞ்சென்றவர்கூடக் கறுப்புக் கண்ணாடியுடன்தான் காட்சியளிக்கிறார்!

நிற்க. அந்தப் பதினேழில் ஒன்று நம்மிடம் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவியினுடையது. தாய்மாமன் ஆசையோடு செலவு செய்து வைத்தது. குழந்தை நாவற்பழ நிறம். கணக்கில் வெகு கெட்டிக்காரி. பேனரில் இருந்த பெண்ணோ கோதுமை மாவைப் போல் வெளுத்திருந்தாள். மூக்கும் சற்றுக் கூராக்கப்பட்டிருந்தது. அச்சடிக்கும் கடையில் இது ஐந்து நிமிஷ வேலையாம். இதற்கென்று தனிக் கூலிகூட இல்லையாம். "யார் இந்த அக்கா?" என்று வகுப்புப் பிள்ளைகள் பரிகாசம் செய்யவே, இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவளைத் தனியே அழைத்து விசாரித்தோம்.

"பிள்ளைகள் சொன்னதற்காக வருத்தமில்லை, ஐயா. படத்தில்தான் நான் லட்சணமாக இருக்கிறேன் என்று அம்மாவே சொல்லுகிறார்கள்" என்றாள்.

இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வரும் நமக்கு அதற்கு விடை தெரியவில்லை.

அந்தத் தாயாரைக் குறை சொல்லிப் பயன் என்ன? 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு 1975-ல் கடைக்கு வந்தது. சிவந்த பெண்ணுக்கே உத்தியோகம், சிவந்த பெண்ணுக்கே மாப்பிள்ளை என்று அதன் விளம்பரங்கள் ஓதியதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பலத்த எதிர்ப்புக் கிளம்பிய பின் 2020-ல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. அதற்குள் அந்த வெளுப்பு வேலையைக் கைப்பேசியே இலவசமாகச் செய்யத் தொடங்கிவிட்டது.

நாம் படத்தை வெறுக்கும் பேர்வழி அல்ல. பாரதியாரின் 'இந்தியா' வாரப் பத்திரிகை 1908-ல் சென்னையை விட்டு இதே புதுவைக்கு வந்து, 1910 வரையில் நடந்தது. அதில் வந்த கேலிச் சித்திரங்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவனுக்கும் அன்னிய ஆட்சியின் யோக்கியதையை விளக்கின. அந்தப் படம் அதிகாரத்தில் இருந்தவனைக் குத்திற்று. இன்றைய சாலையோரப் படமோ அவனை விழுந்து கும்பிடுகிறது. கும்பிடுகிறவனும் மறவாமல் ஒரு மூலையில் தன் முகத்தைத் தபால் தலை அளவில் அச்சிட்டுக்கொள்ளுகிறான். 1936 ஜூலை 30-ந் தேதி புதுவையில் உரிமை கேட்டுச் சுடப்பட்டு மாண்ட பன்னிரண்டு ஆலைத் தொழிலாளரில் ஒருவர் பெயரையாவது சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டோம். நிசப்தம். சினிமா நடிகர் எவர் பெயரைக் கேட்டிருந்தாலும் அறுபது கைகள் உயர்ந்திருக்கும்.

சட்டம் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கப் புதுவையில் 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்துவிட்டது. 2019 செப்டம்பரில், சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணப் பேனர் சரிந்து விழ, ஸ்கூட்டரில் சென்ற இருபத்து மூன்று வயதுப் பெண் லாரியில் சிக்கி மாண்டபோது ஊரே பதறிற்று. சில மாதங்கள் சாலைகள் வெறிச்சென்று இருந்தன. பிறகு மூங்கில்கள் மறுபடியும் நடப்பட்டன.

நம் மாணவியின் பேனரை இப்பொழுது இறக்கிவிட்டார்கள். மழைக்காக அடுத்த வீட்டு ஆட்டுக்கொட்டகையின் மேல் அதை விரித்திருக்கிறார்கள். "இப்பொழுதுதான் ஐயா அது உபயோகமாகிறது" என்று அவள் சிரித்தாள். தாயார் மட்டும், முகம் உட்பக்கமாய் இருக்கும்படி தாமே திருப்பிக் கட்டிவிட்டு வந்தாராம். மழையில் நிறம் போய்விடக் கூடாதாம்.