ஊசித்துளை கேமராவைக் கடையில் வாங்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, கோபமான பதிவும்கூட. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அறிவியல் கண்காட்சிக்கு ஊசித்துளை கேமரா செய்து வரச் சொன்னால், ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாக வாங்கிக் கொடுத்து அனுப்புகிறீர்கள். வழவழ அட்டை, பிரிண்ட் போட்ட லேபிள். பரிசும் அதற்கே கிடைக்கிறது. பசை ஒழுகிய செருப்பு டப்பாவோடு வந்த பிள்ளை ஓரமாக நிற்கிறது. டியூப் லைட் ஹாலில் இரண்டிலும் எதுவும் தெரியாது. யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. இது அநியாயம்.

இதில் வாங்குவதற்கு என்ன இருக்கிறது? செருப்பு டப்பாவின் ஒரு முனையில் சதுரமாக வெட்டி அலுமினியத் தாள் ஒட்டி, ஊசியால் ஒரு துளை. எதிர்முனையில் எண்ணெய் தடவிய காகிதம். இடுக்குகளில் கறுப்பு டேப். வெளியே போய் வெயிலில் நிற்கும் வேப்பமரத்தின் பக்கம் துளையைத் திருப்பி, காகிதத்தையும் தலையையும் போர்வையால் மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். மரம் நிறத்தோடு தலைகீழாக அசையும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், உருவம் மங்கும். ஒரு அடி நீள டப்பாவுக்கு முக்கால் மில்லிமீட்டர் துளை போதும். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பத்து முறை எழுதி மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது அப்போதுதான் புரியும்.

இன்னொன்று. அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை ஒரு மீட்டர் தள்ளி நிழலில் வைத்த வெள்ளைத்தாளில் விழ வையுங்கள். (துளை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.) சுமார் 9 மி.மீ. வட்டம் விழும். அது சூரியனின் உருவம். 9-ஐ 1000-ஆல் வகுத்து, சூரியனின் தூரமான 15 கோடி கி.மீ.-ஆல் பெருக்கினால் 13.5 லட்சம் கி.மீ. சூரியனின் உண்மையான விட்டம் சுமார் 13.9 லட்சம். ஆறாம் வகுப்புக் கணக்கில் ஒரு பிள்ளை சூரியனையே அளந்துவிட்டது! எந்தக் கடையில் இது விற்கிறது?

"நேரம் எங்கே டீச்சர்?" என்பீர்கள். கடைக்குப் போய்வரும் நேரம் இதற்குப் போதும். "போனிலேயே கேமரா இருக்கே?" என்பீர்கள். போன் படத்தைக் கொடுக்கும், படம் எப்படி விழுகிறது என்று காட்டாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இப்னு அல் ஹைதம் கிரகணச் சூரியனின் பிறை வடிவத்தை ஆராய்ந்ததும் சிறு துளையை வைத்துத்தான்.

ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களே, மார்க் போடும் முன் பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப் போய், "துளை பெரிதானால் என்ன ஆகும்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பெற்றோர்களே, பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கத்தரிக்கோல் பிள்ளை கையில் இருக்கட்டும். 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் வளையச் சூரிய கிரகணம் வருகிறது. அன்றைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. பார்க்குமா, ஓர் அட்டையோடு வாசலுக்கு வருமா? நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.