புதுப்பித்த வீடும் பழைய குடியும்

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், லத்தீன் அமெரிக்க மக்கள் செறிந்து வாழும் பகுதி மிஷன் வட்டாரம். அங்கே புதுப்பித்த வீடொன்றை வாடகைக்குப் பார்ப்போரை முதலில் ஈர்ப்பவை மெருகேற்றிய மரத்தரையும் பளபளக்கும் சமையலறையுமே. வெளியே 24ஆம் தெருவில் மெக்சிக்க ரொட்டிக்கடைகள், பால்மி சந்தின் சுவரோவியங்கள், எங்கும் ஸ்பானியப் பேச்சு.

ஆனால் அந்த மெருகின் அடியில் ஒரு வினா மறைந்துள்ளது: முன்பு குடியிருந்தவர் எங்கே?

1979ஆம் ஆண்டின் நகரச் சட்டம், பழைய கட்டடங்களில் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் கூட்டப்படும் வாடகைக்கு வரம்பு விதிக்கிறது. ஆயின் 1995ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, குடியிருந்தவர் தாமாகவே வெளியேறிவிட்டால், அடுத்து வருபவருக்கு உரிமையாளர் புதிய வாடகையை விருப்பம்போல் நிர்ணயிக்கலாம். ஆகவேதான் மராமத்து சில வேளைகளில் பழைய குடியை அகற்றும் சாக்காகிவிடுகிறது. மராமத்துக்காகத் தற்காலிகமாக வெளியேற்றப்பட்டவருக்கோ, பணி முடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பும் உரிமை உண்டு.

எனவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கட்டடத்தின் வயதைக் கேளுங்கள். பழையதாயின் அந்த வரம்பு இனி உங்களையும் காக்கும். முன்னவர் மனமுவந்து சென்றாரா என்பதை அண்டை வீட்டாரிடம் விசாரியுங்கள். பிறர் உரிமை பறிபோன வீட்டில் நமக்கு நிம்மதி ஏது?