‘தொம்’ என்று ஒரு சத்தம்

சென்ற பொங்கல் விழாவில் நம் மேடையில் மிருதங்கம் இல்லை. குழந்தைகளின் நடனம் முழுவதற்கும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டிதான் தாளம் போட்டது. பல வருடங்களாக நம் குழந்தைகளுக்கு மிருதங்கம் சொல்லித் தரும் ஆசிரியர் நான்காவது வரிசையில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். செலவைக் குறைப்பதற்காக அவரை இம்முறை வாசிக்க அழைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “மெஷின் வந்தாச்சு சார், இனிமே கலையாவது ஒண்ணாவது!” என்று அலுத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அது பாதிதான் சரி என்று இப்போது தோன்றுவதால் இதை எழுதுகிறேன். செயற்குழு அன்பர்கள் தவறாக எண்ண வேண்டாம்.

அன்றிரவு செம்பூரில் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்த்தேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி சிரித்தாள். “பெட்டி மேல தப்பு இல்ல தாத்தா. வாங்கறப்ப உள்ள என்ன சத்தம் இருந்துதோ, அதையே அப்படியே அடிச்சாங்க. ஒரு சத்தத்தை நாமே பண்ணிப் பார்க்கலாம், வாங்க” என்று கணினி முன்னால் உட்கார வைத்தாள். அதிலேயே ஒரு சிந்தசைசர் இருக்கிறது. அவள் செய்ய முனைந்தது ‘கிக் டிரம்’, அதாவது மேல்நாட்டு டிரம் வரிசையில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் சத்தம்.

முதலில் 50 ஹெர்ட்ஸில் ஓர் அலையை எழுப்பினாள். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதுதான். அந்த 50ஐக் கட்டிக் காப்பாற்றியே முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவன் நான். ஆனால் காதில் விழுந்தது டிரம் அல்ல, வெறும் உறுமல். அதை விநாடியில் பத்தில் மூன்று பங்குக்குள் தேய்ந்து அடங்கும்படி செய்தாள். உறுமல் குட்டையாயிற்று, அடி விழவில்லை. பிறகு அலையைச் சுமார் 200 ஹெர்ட்ஸில் தொடங்கி, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் 50க்குச் சரிய விட்டாள். ‘தொம்’! திடுக்கிட்டுவிட்டேன்.

இது இயந்திரத்தின் மாயம் அல்ல. நிஜத் தோலை ஓங்கி அடித்தால் அது ஒரு கணம் கூடுதலாக இழுபட்டு, சுருதி ஏறி, உடனே தணிந்து நிலைக்கு வருகிறது. பேத்தி செய்தது அந்தச் சரிவைத்தான். கொஞ்சம் மிகைப்படுத்தியிருந்தாள், அவ்வளவே. சரிவு அளவு மீறினால் பொம்மைத் துப்பாக்கிபோல் ‘டியூ’ என்கிறது. தேய்வு நீண்டால் அடுத்த அடியின்மேல் ஏறி உட்கார்ந்து தாளமே குழைந்து போகிறது. கடைசியாக, ஆரம்பத்தில் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு ஓர் இரைச்சல் சேர்த்தாள். அது தோலில் கோல் படும் ஓசை. அது இல்லாவிட்டால் அடி விழுந்தது தெரியும், எப்போது விழுந்தது என்பது தெரியாது.

இத்தனைக்கும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எனக்கு என் குருநாதர் ஞாபகம் வந்தார். சிறுவயதில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றேன். கச்சேரிக்கு முன்னால் அவர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியில் அப்புவார். தட்டிப் பார்ப்பார். ஒரு சிட்டிகை வழித்தெடுப்பார். மறுபடி தட்டுவார். எடை கூடினால் சத்தம் கீழே இறங்கும், குறைந்தால் ஏறும். பேத்தி திருகும் குமிழும் அவர் வழித்த ரவையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இந்த ஆராய்ச்சி நமக்குப் புதிதும் அல்ல. நம்மைப்போல் ஊரைவிட்டு வந்து கல்கத்தாவில் இருந்த சர் சி. வி. ராமன், 1920இலேயே தம் சகா குமாருடன் ‘நேச்சர்’ இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரண முரசு இனிய சுருதி தராதபோது மிருதங்கமும் தபலாவும் தருவதற்கு, தோலின் நடுவில் ஏற்றிய அந்தக் கறுப்பு வட்டமே காரணம் என்று விளக்கினார்.

மின்னணு டிரம்முக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1980இல் ஜப்பானின் ரோலண்டு கம்பெனி டி.ஆர்.-808 என்ற பெட்டியை வெளியிட்டது. அதில் பதிவு செய்த சத்தம் எதுவும் கிடையாது. குடத்தைத் தட்டினால் ஒலித்து அடங்குவதுபோல, ஒரு மின்சுற்றை மின்துடிப்பால் தட்டி ஒலிக்க வைத்தார்கள். நிஜ டிரம் மாதிரி இல்லை என்ற குறை அன்றே எழுந்தது. 1983இல் தயாரிப்பும் நின்றது. பிறகு அந்தச் சத்தமே உலகை ஆண்டது. நம் மும்பையில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இலேயே அதைக் கொண்டு பத்து ராகங்களை இசைத்தட்டாக வெளியிட்டார். அப்போது கவனிப்பாரில்லை. 2010இல் அது மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகம் வியந்தது.

ஆகவே, இயந்திரம் கலையைக் கொல்கிறது என்ற புலம்பலில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை. காதைத் தீட்டாமல் தயார்ச் சத்தத்தை அமுக்கும் சோம்பல்தான் கொல்கிறது. அதே சமயம், பெட்டி இருக்கும்போது ஆசிரியர் எதற்கு என்பதும் தவறு. மேடையில் ஆறு வயதுக் குழந்தை அடி தவறினால், அவர் காலைப் பார்த்து ஒரு சொல்லை நீட்டி அதைச் சேர்த்துக்கொள்வார். அன்று பெட்டி தன்பாட்டுக்குப் போயிற்று. குழந்தை அழுதுகொண்டே உள்ளே ஓடியது.

போன மாதம் ஆசிரியரை வீட்டுக்கு அழைத்துவந்து பேத்தி செய்த சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி நாலைந்து தடவை கேட்டார். “அடி சுத்தமா விழறது. ரவைதான் கொஞ்சம் ஜாஸ்தி, குழந்தே” என்றார். அவள் 50ஐ 55 ஆக்கினாள். அவர் தலையசைத்தார். பிறகு இருவரும் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

என் வேண்டுகோள் இரண்டுதான். அடுத்த பொங்கலுக்கு ஆசிரியரை உரிய சன்மானத்துடன் மேடைக்கு அழைக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் பின்னறையை அவருக்கும் நம் இளைஞர்களுக்கும் திறந்துவிட வேண்டும். மிருதங்கம் ஒரு பக்கம், கணினி ஒரு பக்கம். ரவைச் செலவு என்னுடையது.