பழைய பாத்திரமும் ஒரு சுரங்கம்

கார்த்திகைத் தீபத் திருநாள். அந்தி சாயும் நேரம். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஜோதி தெரிகிறது. கீழே லட்சக்கணக்கான கைகள் கூப்புகின்றன. அந்த நெருப்பைத் தாங்கி நிற்பது ஒரு செப்புக் கொப்பரை.

அதே வேளையில் மலையடிவாரத்தில் அன்னதானம் நடக்கிறது. சோறும் சாம்பாரும் ஆவி பறக்க வருகின்றன. அவற்றைத் தாங்கி வருவது அலுமினிய அண்டா.

மேலே செம்பு, கீழே அலுமினியம். இது வழக்கம் மட்டும் அல்ல. உலோகத்தின் குணமும் அப்படி. செம்பு உருக 1,085 டிகிரி வெப்பம் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் எடையில் அலுமினியத்துக்கு இணை இல்லை. செம்பின் எடையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய அண்டாவையும் இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

ராஜா வீட்டு உலோகம்

இன்று ஏழை வீட்டிலும் அலுமினியப் பாத்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ராஜாக்களுக்கே அரிதான பொருள். பிரான்சை ஆண்ட மூன்றாம் நெப்போலியன், முக்கியமான விருந்தாளிகளுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி வைத்தான் என்று சொல்வார்கள். மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டியாம்!

பூமியின் மேலோட்டில் நூற்றில் எட்டுப் பங்கு அலுமினியம்தான். இரும்பைவிட இது அதிகம். ஆனால் அது தனியாக இராது. ஆக்சிஜனோடு இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரண உலைத் தீயால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது.

1886-ல் வழி பிறந்தது. அமெரிக்காவில் ஹால், பிரான்சில் ஹெரூல் என்ற இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அந்தக் கட்டை அறுத்தார்கள். இருவரும் பிறந்தது 1863-ல். இருவரும் இறந்ததும் ஒரே ஆண்டில், 1914-ல்.

விலை விழுந்தது. 1898-லேயே சென்னை கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு வித்திட்ட ஊர்களில் சென்னைக்கு முதலிடம் உண்டு.

ஒரு கிலோவின் விலை

அலுமினியம் எப்படிக் கிடைக்கிறது? பாக்சைட் என்ற தாதுவை வெட்டி எடுக்கிறார்கள். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிறார்கள். அலுமினா என்ற வெள்ளைத் தூள் கிடைக்கிறது. அதைக் கிரையோலைட் என்ற உப்போடு சேர்த்து உருக்கி, மின்சாரம் பாய்ச்சினால், அடியில் அலுமினியம் திரண்டு நிற்கும்.

ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட் வேண்டும். சிவப்புச் சேறு போன்ற கழிவும் டன் கணக்கில் மிஞ்சும். அதைக் கொட்டிக் காவல் காக்க வேண்டும்.

மின்சாரச் செலவோ பெரிது. ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட். அந்த மின்சாரத்தில், ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பை நாள்தோறும் பத்து மணி நேரம் வீதம் ஐந்து மாதம் எரிக்கலாம்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில் நடந்தது. 1965-ல் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் அங்கே போயிற்று. பலருக்கு வேலை கிடைத்தது. பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் வெட்டிய மலை திரும்ப வளரவில்லை. 2008-ல் அந்த உருக்காலை நின்றது.

மலையா, உலோகமா?

திருவண்ணாமலைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஊருக்கு அருகே கவுத்தி மலை, வேடியப்பன் மலை என்று மலைகள் உண்டு. அவற்றில் இரும்புத் தாது இருக்கிறது. 2000-க்குப் பிறகு அதை வெட்டி எடுக்கும் திட்டம் வந்தது. சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஊற்றும் போகும், காடும் போகும், மேய்ச்சலும் போகும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. மலையையே கடவுளாக வணங்கும் ஊருக்கு அது தெரியாதா?

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. மலையை வெட்டாதே என்று சொல்லும் அதே கைக்கு, உழக் கலப்பை வேண்டும். ஏறப் பஸ் வேண்டும். சமைக்கக் குக்கர் வேண்டும். இந்த உலோகம் எங்கிருந்து வரும்? இந்த மலையை விட்டால், வேறு ஊர்க்காரர் மலையிலிருந்துதான் வரும்.

இதற்கு முழு விடை இல்லை. ஆனால் பாதி விடை நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

பேரீச்சம்பழக்காரர்

"ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" இந்தக் குரலைக் கேட்காத தமிழ்த் தெரு உண்டா? குழந்தைகள் ஓட்டைக் குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த எளிய வியாபாரி நாட்டுக்குப் பெரிய தொண்டு செய்தார்.

பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க, தாதுவிலிருந்து எடுக்கும் செலவில் நூற்றில் ஐந்து பங்கு மின்சாரம் போதும். ஐந்து மாத விளக்கு எங்கே? ஒரு வார விளக்கு எங்கே? செம்பையும் இரும்பையும்கூடத் திரும்ப உருக்கலாம். எத்தனை முறை உருக்கினாலும் உலோகம் உலோகம்தான்.

குப்பையில் போட்டால் இந்த லாபம் மண்ணாகிவிடும். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் பணமும் வரும், மலையும் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை

உருக்குவதிலும் ஒழுங்கு வேண்டும். பேட்டரியும் வர்ணம் பூசிய தகடும் கலந்து உருக்கினால், காரீயம் என்ற நஞ்சு பாத்திரத்தில் சேரும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசியக்கூடும் என்று 2025-ல் அமெரிக்க அரசு எச்சரித்தது.

நம் பாட்டிமாருக்கு வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு என்று தெரியும். ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறாதிருக்கப் பூசியதும் வெள்ளீயம். அந்த அறிவு இன்றும் தேவை.

2024-ல் மத்திய அரசு அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று உத்தரவிட்டது. விலை நாலு காசு குறைகிறதே என்று முத்திரை இல்லாத பாத்திரத்தை வாங்குவது லாபமல்ல.

செய்ய வேண்டியது

வீட்டில் ஒரு பழைய சாக்கு வையுங்கள். ஓட்டைப் பாத்திரம், டின், ஆணி, ஒயர் எல்லாம் அதில் சேரட்டும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு, தனியே வையுங்கள். ஒயரை எரித்துச் செம்பு எடுக்க வேண்டாம். அந்தப் புகை விஷம். பேட்டரியை உடைக்க வேண்டாம். புளி, தக்காளி, மோர் ஆகியவற்றை அலுமினியத்தில் வைத்திருக்க வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

கிரிவலப் பாதையில் உணவு கொடுப்போர் அலுமினியத் தாள் பெட்டியில் கொடுத்தால், காலிப் பெட்டிக்குத் தனித் தொட்டியும் வைக்கட்டும். வெள்ளியாக மின்னும் தட்டெல்லாம் அலுமினியம் அல்ல. கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே நின்றால் அலுமினியம். மீண்டும் விரிந்தால் பிளாஸ்டிக். வாழையிலையும் மந்தார இலையும் இருக்க, இந்தச் சோதனையே தேவையில்லை.

மாநகராட்சியும் தன் பங்கைச் செய்ய வேண்டும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் பாதையில் சேரும் உலோகத்தைத் தனியே பிரித்து, பொறுக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் நியாயமான கூலியும் தரவேண்டும்.

மலையைச் சுற்றி வருவது பக்தி. மலையை மிச்சம் வைப்பதும் பக்திதான். அது வீட்டு மூலையில் வைக்கும் அந்தச் சாக்கில் தொடங்கட்டும்.