கட்டத்துக்குள்ளே எங்க கிணறு எங்கே?

மட்டம் அளக்க வந்தவர் ஊர்க்கிணத்துல நாடாவை விட்டார், எழுதிக்கிட்டார், வண்டியைக் கிளப்பினார். "எங்க சேரிக் கிணறுங்க?" என்றேன். "எல்லாம் ஒரே தண்ணிதானப்பா" என்றார். அந்த ஒரே தண்ணியை ஊர்க்கிணத்துல நாங்க மொள்ளப் போனால் தெரியும் சேதி.

இந்த அளவெல்லாம் கணிப்பொறிக்குள் போகிறது. 1984இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்ட 'மோட்ஃபுளோ' போன்ற எண்மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாய் அறுக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரே நீர்மட்டம். மழை எவ்வளவு இறங்குது, மோட்டார் எவ்வளவு உறிஞ்சுது என்று கணக்குப் போட்டு, கிணத்துல அளந்த மட்டத்தோடு ஒத்துவரும்வரை எண்களைத் திருத்துவார்கள்.

எந்தக் கிணத்துல அளந்தது? இதுதான் என் சண்டை.

கட்டம் 500 மீட்டர் என்று வையுங்கள். ஊரும் சேரியும் ஒரே கட்டத்தில் சமபந்தி! ஊர்த் தோட்டத்து ஆழ்போர் இழுத்த இழுப்பில் எங்க அடிபம்பு காத்து வாங்குது. கணக்கில் மட்டம் சரியாக இருக்கு. மணல் பூமியாக இருந்தாலாவது சராசரி ஓரளவு தாங்கும். எங்களது கருங்கல் பூமி, வெடிப்புல ஓடுற தண்ணி. இங்க பத்தடி தள்ளிப் போட்டால் போர் பொய்க்கும்.

பல்லைக் காவியாக்கி முதுகை வளைக்கிற ஃபுளோரைடு அந்தப் பாறையில் இருந்துதான் கரைஞ்சு வருது. காய்ச்சினாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்டச் செறிவு கூடும். நீர்மட்டக் கணக்கு இதைச் சொல்லாது. அதுக்குத் தனி மாதிரி, தனி அளவு வேணும்.

ஜப்பான் கடனில் 1,928 கோடிக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம். 2008இல் அடிக்கல், 2013இல் திறப்பு. வேண்டாம்னு சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனா குழாயில் காத்து வர்ற நாளில் எங்க பொம்பளைங்க குடத்தோடு நிக்கிறது அதே அடிபம்புகிட்டதான்.

தண்ணிக்குச் சாதியில்லையாம். பூமிக்குள்ளே இல்லை, ஒத்துக்கிறேன். கிணத்துக்கு இருக்கு, நிலத்துக்கு இருக்கு, ஆழ்போர் போடுற காசுக்கு இருக்கு. 1927இல் மகாடு சவதார் குளத்தில் அம்பேத்கர் கைவைத்தது தாகத்துக்காக மட்டுமா?

கணக்கை எரிக்கச் சொல்லவில்லை. நாங்களும் அதைப் படிப்போம். சேரிக் கிணறும் அடிபம்பும் கண்காணிப்புக் கிணறாகணும். மாசாமாசம் மட்டமும் ஃபுளோரைடும் அளக்கணும், நாடா எங்க பிள்ளைங்க கையில் இருக்கணும். வந்த எண்ணை எங்க தெருச் சுவத்துல எழுதிப் போடணும்.