முழங்காலில் ஒட்டும் நீல டேப்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் மறுபடி பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த மாதம் மட்டும் மூன்று பேர் முழங்காலில் கலர் டேப் ஒட்டிய படத்தைப் போட்டு, "வலி போயே போச்சு" என்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அம்மாவுக்குச் சுருள் சுருளாக அனுப்புகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த இழுபடும் டேப்பை 1970களில் உருவாக்கியவர் கென்சோ காசே என்ற ஜப்பானியர். பருத்தித் துணி, பின்னால் பசை. மருந்து ஒரு சொட்டு கிடையாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கெர்ரி வால்ஷ் இதைத் தோளில் ஒட்டிக்கொண்டு பீச் வாலிபாலில் தங்கம் வாங்கினார். டேப்பும் பிரபலமாகிவிட்டது. தங்கம் டேப்பாலா வந்தது?

தோலை லேசாகத் தூக்கி, அடியில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறதாம். விற்பவர்கள் சொல்வது இது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களோ, சிலருக்குச் சில நாள் வலி கொஞ்சம் குறைகிறது, சும்மா பேருக்கு ஒட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்கள்.

வலி எங்கே என்று முதலில் பாருங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே வலித்தால், பெரும்பாலும் அங்குள்ள தசைநாண். குதித்து விளையாடும் பிள்ளைகளுக்கு வருவது. மூட்டுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கம் வலித்தால், தசைநாணுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் சின்னத் திரவப் பை வீங்கியிருக்கலாம். எடையும் சர்க்கரையும் உள்ள நடுத்தர வயதுப் பெண்களுக்கு இது அதிகம். மாடிப்படி ஏறும்போது உயிர் போகும். இரண்டுக்கும் அடிப்படை வைத்தியம் தொடைத் தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்துவதுதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குவது போன்ற சாதாரணப் பயிற்சிகள். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். படம் போட்டு லைக் வாங்க முடியாது!

என் நாத்தனாருக்கு எங்கள் ஊர் கிளினிக் ஒன்றில் மூன்று மாதம், வாரம் ஒரு தடவை, 400 ரூபாய்க்கு டேப் ஒட்டினார்கள். ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. அவர் சர்க்கரைக்காரர். கடைசியில் டேப்பை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. வலி அப்படியே இருக்க, அந்தப் புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று.

பிசியோதெரபி படித்த என் மாணவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். டேப் ஒட்ட ஐந்து நிமிடம், பயிற்சி சொல்லித்தர அரை மணி நேரம். எது லாபம் என்று எனக்கும் கணக்குத் தெரியும். உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வலி குறைந்து பயிற்சி செய்ய முடியும் என்றால் இரண்டு நாள் ஒட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சியே இல்லாமல் டேப்பை மட்டும் ஒட்டி அனுப்பாதீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, அடுத்த சுருளுக்குப் பதில் தினமும் பத்து நிமிடம் வீடியோ காலில் வாருங்கள். அம்மா காலை நீட்டி மடக்குவதைக் கூடவே எண்ணுங்கள்.

முட்டி திடீரென்று வீங்கி, சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அந்தப் பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதன்மேல் எதையும் ஒட்டாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.